ஊர்க் கட்டுரைகளின் தட்பவெப்ப அட்டவணை: எண்களை எங்கிருந்து எடுப்பது, எப்படிச் சரிபார்ப்பது?

மேகத்திரள்:

அனைவருக்கும் வணக்கம். ஊர்களைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் உள்ள தட்பவெப்ப அட்டவணைகளைச் சில காலமாகச் சரிபார்த்து வருகிறேன். அவற்றுள் இரண்டு கட்டுரைகளை மட்டும் இங்கே எடுத்துவைக்கிறேன். சிக்கலின் பெரும்பகுதி அவற்றிலேயே தெரிந்துவிடுகிறது. ஓர் ஊர் பள்ளத்தாக்கின் அடியில் இருக்கிறது. மற்றது அதே மலைத்தொடரின் முகட்டில், முதல் ஊரைவிட ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆனால் இரண்டு அட்டவணைகளிலும் பன்னிரண்டு மாதங்களின் வெப்பநிலையும் மழையளவும் தசமப் புள்ளி வரை ஒன்றாகவே உள்ளன. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5° செல்சியஸ் குறையும் என்பது பாடநூல் கணக்கு. அப்படியானால் இவ்விரு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய 6 டிகிரி வேறுபாடு இருந்தாக வேண்டும்.

இரண்டிலும் மேற்கோளாகக் காட்டப்பட்டிருப்பது ஒரே வணிக இணையதளம். அதில் நிலையத்தின் பெயர் இல்லை, எந்த ஆண்டுகளின் சராசரி என்ற குறிப்பும் இல்லை. கேட்ட ஊருக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் எண் தருகிறது. இத்தகைய அட்டவணைகளை நீக்கிவிடலாமா, எச்சரிக்கைக் குறிப்போடு வைத்திருக்கலாமா, நீக்கினால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பதே என் கேள்வி.

அடிக்குறிப்பு:

நீக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு தட்பவெப்ப அட்டவணை பொருள் உள்ளதாக இருக்க வேண்டுமானால் எந்த நிலையம், எந்தக் காலம், எந்த வரையறை என்ற மூன்றையும் அதைப் படிப்பவர் அறிந்துகொள்ள முடிய வேண்டும். இவற்றுள் ஒன்றுகூட இல்லாத எண்களை யாராலும் சரிபார்க்க முடியாது. மெய்யறிதன்மை, அதாவது படிப்பவர் சான்றைக் கொண்டு சரிபார்க்க முடிவது, இணைப்பைச் சொடுக்கினால் அதே எண் அங்கேயும் இருக்கிறதா என்பதோடு முடிந்துவிடுவதில்லை. அந்த எண் அந்தத் தளத்துக்கு எப்படி வந்தது என்பதையும் நாம் பார்த்தாக வேண்டும்.

மாற்றாக எதை வைப்பது என்பதற்கு என் விடை எளியது. அந்தந்த நாட்டின் வானிலைத் துறை வெளியிடும் தட்பவெப்ப இயல்பளவுகளே முதலில் தேடப்பட வேண்டியவை. இயல்பளவு என்பது 30 ஆண்டுச் சராசரி. 1961–1990 என்ற காலப்பகுதியை உலக வானிலை அமைப்பு நீண்டகாலப் பருவநிலை மாற்றத்தை ஒப்பிடுவதற்கான அடிப்படையாக இன்றும் வைத்திருக்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கான இயல்பளவுகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று அந்த அமைப்பின் 2015 மாநாடு முடிவு செய்தது. அதன்படி இப்போது நடப்பிலிருப்பது 1991–2020. புதிய தொகுதி கிடைக்கும்போது பழையதை மாற்றலாம். ஆனால் வெப்பநிலையை ஒரு காலப்பகுதியிலிருந்தும் மழையளவை வேறொன்றிலிருந்தும் எடுத்து ஒரே அட்டவணையில் ஒட்டவைத்தால் அதை அட்டவணையின் தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும். பெரும்பாலோர் சொல்வதில்லை.

கட்டவலை:

அடிக்குறிப்பு அவர்களின் கண்டிப்பு புரிகிறது. ஆனால் அதன் விளைவையும் பார்க்க வேண்டும். உலகின் பெரும்பாலான ஊர்களில் முறையான வானிலை நிலையம் கிடையாது. நிலையம் இருந்தால்தான் அட்டவணை என்று விதி வகுத்தால், பெருநகரங்களுக்கும் விமான நிலையம் உள்ள ஊர்களுக்கும் மட்டுமே தட்பவெப்பப் பகுதி இருக்கும். மற்ற ஊர்கள் வெறுமையாகக் கிடக்கும்.

அந்த வணிகத் தளத்துக்காக நான் வாதாடவில்லை. இடைக்கணிப்புத் தரவும் (நிலையங்களின் அளவுகளிலிருந்து இடைப்பட்ட இடங்களுக்குக் கணக்கிட்டது) மறுபகுப்பாய்வுத் தரவும் (பழைய அளவீடுகளைக் கணினி மாதிரியோடு இணைத்துப் பெற்றது) ஆய்வுலகில் மதிக்கப்படுபவை. ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையத்தின் இஆர்ஏ5 தொகுப்பு, 1940 முதல் மணிவாரியாக உலகம் முழுவதற்கும் கிடைக்கிறது. வேர்ல்ட்கிளிம் தொகுப்பின் இரண்டாம் பதிப்பு, 1970–2000 காலத்துக்கான மாதச் சராசரிகளை ஏறத்தாழ 1 கிலோமீட்டர் நுணுக்கத்தில் தருகிறது. இவற்றின் செய்முறை வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது, பிழையளவும் ஆராயப்பட்டிருக்கிறது. பெயர் சொல்லி, ‘கணினி மாதிரியின் மதிப்பீடு’ என்று தெளிவாகக் குறித்து இவற்றைப் பயன்படுத்துவதில் என்ன தவறு இருக்கிறது?

பாதரசம்:

கண்காணிப்பு நிலையத் தரவுகளோடு பழகியவன் என்ற முறையில் இதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் கட்டவலை அவர்களின் கேள்வி. நிலையத்தின் வெப்பமானி, தரையிலிருந்து 1.25 முதல் 2 மீட்டர் உயரத்தில், வெயில் நேரடியாகப் படாத கூண்டுக்குள், ஒரு புள்ளியில் அளக்கிறது. இஆர்ஏ5 தருவது ஏறத்தாழ 31 கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்தின் சராசரி. அந்தக் கட்டத்துக்குள் பள்ளத்தாக்கும் முகடும் ஒன்றாகக் கலந்து ஒரே உயரமாகிவிடும். கடற்கரை ஊராக இருந்தால் கட்டத்தின் பாதி கடலாகவே இருக்கலாம். சமவெளியில் மாதச் சராசரி வெப்பநிலைக்கு இந்த மதிப்பீடு மிக நன்றாகவே பொருந்தும். மலைப்பகுதியின் மழைக்கும், உச்சபட்ச அளவுகளுக்கும் பொருந்தாது. கட்டச் சராசரியில் உச்சங்கள் மழுங்கிவிடும். மேகத்திரள் காட்டிய இரு கட்டுரைகளும் ஒரே கட்டத்துக்குள் விழுந்த ஊர்களாகவே இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். வேர்ல்ட்கிளிம் போன்ற இடைக்கணிப்புத் தொகுப்புகளிலோ, 1 கிலோமீட்டர் என்பது கணக்கிட்ட கட்டத்தின் அளவு மட்டுமே. அருகில் நிலையம் எங்கே இருந்தது என்பதை அந்த எண் சொல்லாது.

அடுத்து, அடிக்குறிப்பு அவர்கள் ஒரு சொல்லில் கடந்துவிட்ட ‘வரையறை’. நடைமுறையில் மிகுதியான பிழைகள் இங்கேதான் நுழைகின்றன, ஏனென்றால் எண் சரியாகவே இருக்கும், அது உட்காரும் வரிசை தவறாக இருக்கும். ஒரு மாதத்தின் அன்றாட அதிகபட்ச வெப்பநிலைகளின் சராசரி ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அந்த மாதத்தில் பதிவான மிக உயர்ந்த அளவை மட்டும் எடுத்து அவற்றுக்குக் காணும் சராசரி வேறொன்று. வானிலைத் துறைகளின் வெளியீடுகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் அச்சாகியிருக்கும். இரண்டாவதை முதலாவதன் இடத்தில் இட்டுவிட்டால் ஊர் சில டிகிரி வெப்பமாகிவிடும். பார்ப்பவருக்கு ஐயமும் எழாது.

மழை நாள் என்பதும் அப்படித்தான். இந்திய வானிலை ஆய்வுத் துறை 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்த நாளையே மழை நாளாகக் கணக்கிடுகிறது. உலக வானிலை அமைப்பின் இயல்பளவுகளில் 1 மி.மீ. எல்லையாக இருக்கிறது. அமெரிக்க வழக்கில் 0.01 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.25 மி.மீ. பெய்தாலே கணக்கில் வந்துவிடும். ஒரே மழையை மூன்று விதமாக எண்ணினால் மூன்று விடைகள் வரும். வார்ப்புருவில், அதாவது அட்டவணையை உருவாக்கும் ஆயத்தப் படிவத்தில், இந்த எல்லையைக் குறிப்பதற்கென்றே ஓர் அளவுரு (நிரப்பும் இடம்) இருக்கிறது. அதை நிரப்பிய கட்டுரைகள் அரிது.

நாள் சராசரி வெப்பநிலைக்கும் ஒரே முறை கிடையாது. அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் கூட்டி இரண்டால் வகுப்பது பரவலான வழக்கம். நடு ஐரோப்பாவில் நெடுங்காலம் காலை 7, பகல் 2, இரவு 9 மணி அளவுகளை எடுத்து, இரவு அளவை இருமுறை கூட்டி, நான்கால் வகுத்தார்கள். தானியங்கி நிலையங்கள் வந்தபின் மணிவாரிச் சராசரி எளிதாகிவிட்டது. ஆகவே அட்டவணையின் நடு வரிசை மற்ற இரண்டின் சரிபாதியாக இல்லை என்பதற்காக யாரும் அதைத் ‘திருத்தி’விடக் கூடாது. ஈரப்பதத்தைப் பற்றி ஒரு வரி போதும்: எந்த நேரத்து அளவு என்று தெரியாத ஈரப்பதத்தைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

புதுவரவு:

நான் இப்பணிக்குப் புதியவன். எங்கள் மாவட்டங்களைப் பற்றிய கட்டுரைகளுக்காக, உலக வரலாற்றுத் தட்பவெப்ப வலையமைப்பின் நாள்வாரித் தொகுப்பிலிருந்து ஒரு நிலையத்தின் கோப்பைத் தரவிறக்கி நானே மாதச் சராசரி கண்டேன். இயல்பளவு எங்கும் வெளியாகாத நிலையம் அது. இது கலைக்களஞ்சியத்தில் ஏற்கப்படாத சொந்த ஆய்வாகிவிடுமா? ஒரு மாதத்தின் சராசரி மட்டும் சுழியத்துக்குக் கீழே பல நூறு டிகிரி என்று வருவதற்குக் காரணம் என்ன என்பதையும் யாராவது சொல்ல வேண்டுகிறேன்.

பாதரசம்:

இரண்டாவது கேள்விக்கு விடை கோப்பிலேயே இருக்கிறது, நண்பரே. அந்தத் தொகுப்பில் அளவு எடுக்கப்படாத நாளுக்கு −9999 என்று இட்டிருப்பார்கள். அதை வெப்பநிலை என்று எண்ணிச் சராசரியில் சேர்த்தால் நீங்கள் சொன்னது போலத்தான் ஆகும். உங்கள் கோப்பில் அது வெளிப்படையாகத் தெரிந்துவிட்டது, நல்லதாகப் போயிற்று. கண்ணுக்குத் தெரியாமல் போகும் வேறு இரண்டு இருக்கின்றன. அங்கே வெப்பநிலை டிகிரியின் பத்தில் ஒரு பங்காகவும் மழை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்காகவும் எழுதப்படும். 253 என்றால் 25.3° செல்சியஸ். மழையில் இதை மறந்துவிட்டு 253 மி.மீ. என்று பதிந்த அட்டவணையைக் கண்டுபிடிப்பது எளிதல்ல, ஏனென்றால் ஒரு நாளில் 253 மி.மீ. பெய்யக்கூடியதே. மற்றொன்று, ஒவ்வோர் அளவுக்கும் அருகில் உள்ள தரச்சோதனைக் குறி. அந்த இடம் வெறுமையாக இருந்தால் அளவு சோதனையில் தேறியது. எழுத்து ஏதேனும் இருந்தால் தேறவில்லை. குறியைப் பார்க்காமல் எடுத்தால், தொகுத்தவர்களே ஐயுற்று ஒதுக்கிய எண்களை நாம் நம்பி எடுத்துக்கொள்வோம்.

அடிக்குறிப்பு:

முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். வெளியான பன்னிரண்டு மாத மழையளவுகளைக் கூட்டி ஆண்டு மழை என்று எழுதுவது வழக்கமான கணக்கீடு. யார் செய்தாலும் ஒரே விடை வரும். நாள்வாரிக் கோப்பிலிருந்து 30 ஆண்டு இயல்பளவை உருவாக்குவது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. விடுபட்ட நாட்களை என்ன செய்வது, குறியிடப்பட்டவற்றை எங்கே ஒதுக்குவது, நிலையம் இடம் மாறிய ஆண்டுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை இணைக்கலாமா என்று கணக்கிடுபவர் பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. இருவர் கணக்கிட்டால் இரண்டு விடைகள் வரும்.

இதற்கும் ஒரு நெறிமுறை உண்டு. உலக வானிலை அமைப்பு 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒரு மாதத்தில் 11 நாட்களோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தாலும், தொடர்ச்சியாக 5 நாட்களோ அதற்கு மேலோ விடுபட்டிருந்தாலும் அந்த மாதத்துக்குச் சராசரி காணக் கூடாது. மழை போன்ற கூட்டுத்தொகைகளுக்கு நாட்கள் விடுபடவே கூடாது. இயல்பளவு காண, 30 ஆண்டுகளில் குறைந்தது 80 விழுக்காடு, அதாவது 24 ஆண்டுகளின் தரவு வேண்டும். உங்கள் நிலையம் இவற்றில் தேறுகிறதா என்று பாருங்கள். தேறினாலும் அட்டவணையைக் கட்டுரையில் நேரே இடாமல், கணக்கிட்ட முறையோடு பேச்சுப் பக்கத்தில் (கட்டுரையைப் பற்றி உரையாடும் பக்கத்தில்) முதலில் வையுங்கள். மற்றொருவர் அதே கோப்பிலிருந்து அதே எண்களை அடைந்த பிறகு பேசலாம்.

மேகத்திரள்:

கேட்டதைவிட அதிகமாகவே கிடைத்திருக்கிறது, நன்றி. வேறொரு சிக்கலையும் இங்கே சேர்க்கிறேன். ஓர் ஊரின் அட்டவணையில் நவம்பர் மாதத்துக்கான உச்சபட்ச வெப்பநிலை (இதுவரை பதிவான மிக உயர்ந்த அளவு), அதே மாதத்தின் அன்றாட அதிகபட்சச் சராசரியைவிடக் குறைவாக இருந்தது. அப்படி இருக்கவே முடியாது. கட்டுரையை யார், எப்போது மாற்றினார்கள் என்று காட்டும் தொகுப்பு வரலாற்றில் பின்னோக்கிச் சென்றபோது, மேற்கோள் எதுவும் இல்லாமல் ஒரு பயனர் இலக்கங்களை இடம் மாற்றித் தட்டச்சிட்டிருந்தது தெரிந்தது. பின்னாளில் வேறொருவர் அந்த வரிசைக்கு ஒரு பயணத் தளத்தை மேற்கோளாகச் சேர்த்திருக்கிறார். அந்தத் தளத்திலும் நவம்பருக்கு அதே பிழையான எண் இருக்கிறது! நம் கட்டுரையிலிருந்து அவர்கள் எடுத்ததையே நாம் நமக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தப் பயணத் தளப் பக்கத்தின் பழைய வடிவங்களை இணையக் காப்பகத்தில் தேடியபோது, நம் கட்டுரையில் பிழை நுழைவதற்கு முன்பு எடுக்கப்பட்ட படிகளில் அட்டவணையே இல்லை. திசை தெளிவாகிவிட்டது.

ஐயமான அட்டவணை கிடைத்தால் நான் முதலில் செய்வது இந்தப் பொருத்தச் சோதனையைத்தான். உச்சபட்சம் சராசரிக்கு மேலே இருக்கிறதா, மாத மழைகளின் கூட்டுத்தொகை ஆண்டு மழையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். முழுமையாக்கலால் 0.1 அல்லது 0.2 மி.மீ. வேறுபாடு வருவது இயல்பு. அதில் கை வைப்பதில்லை. சூரிய ஒளி நேரத்துக்கு வேறு ஒரு கடிவாளம் இருக்கிறது. ஆண்டின் 8,760 மணி நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் பகல். மேகமே இல்லாத ஊராக இருந்தாலும் ஆண்டு ஒளி நேரம் 4,380-ஐ ஒட்டியே நின்றுவிடும். மாதந்தோறும் 360, 370 மணி நேரம் என்று அடுக்கியிருந்தால், அந்தத் தளம் பகலின் நீளத்தையே ஒளி நேரமாகக் காட்டியிருக்கிறது என்று கொள்ளலாம். ஃபாரன்ஹீட் மாற்றத்திலும் கவனம் வேண்டும். சராசரியைவிட 9° ஃபாரன்ஹீட் அதிகம் என்ற செய்தியை அலகு மாற்றும் வார்ப்புருவில் இட்டால் அது −12.8° செல்சியஸ் என்று காட்டும். அது 5 டிகிரி வேறுபாடு என்று இருக்க வேண்டும்.

பாதரசம்:

உச்சபட்சம் என்று சொன்னதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பதிவேட்டில் இருக்கிறது என்பதாலேயே ஓர் உச்ச அளவு உறுதியாகிவிடாது. லிபியாவின் அல் அசீசியாவில் 1922 செப்டம்பர் 13 அன்று பதிவான 58.0° செல்சியஸ், உலகின் மிக உயர்ந்த வெப்பநிலையாக 90 ஆண்டுகள் எல்லா நூல்களிலும் இருந்தது. உலக வானிலை அமைப்பின் குழு மூலப் பதிவேட்டைத் தேடியெடுத்து ஆராய்ந்து, 2012-இல் அதைத் தள்ளுபடி செய்தது. அன்று பயன்பட்ட வெப்பமானி படிப்பதற்குக் குழப்பமான வகையைச் சேர்ந்தது, அளவெடுத்தவர் அனுபவமற்றவர், அருகிலிருந்த நிலையங்களோடும், அதே நிலையத்தின் பிற்கால அளவுகளோடும் அந்த எண் பொருந்தவில்லை. காட்டியின் தவறான முனையைப் படித்திருக்கலாம் என்றும், பிழை ஏறத்தாழ 7 டிகிரி என்றும் குழு கருதியது. அதன்பின் 1913 ஜூலை 10 அன்று அமெரிக்காவின் டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி முதலிடத்துக்கு வந்தது.

ஊர்க் கட்டுரைகளுக்கு இவ்வளவு பெரிய விசாரணை தேவையில்லை. ஆனால் ‘இதுவரை இல்லாத வெப்பம்’ என்று மறுநாள் நாளிதழில் வரும் எண்ணை அன்றே உச்சபட்ச வரிசையில் ஏற்றிவிடும் வழக்கத்தை நிறுத்தலாம். அது பெரும்பாலும் முதற்கட்ட அளவு. சில வேளைகளில் தெருவோரத் தானியங்கிக் கருவி ஒன்றின் அளவாகவும் இருக்கும். அட்டவணையின் மற்ற வரிசைகள் வேறொரு நிலையத்தைச் சேர்ந்தவையாக இருக்கும். நாளிதழ்ச் செய்தியைக் கட்டுரையின் உரைப்பகுதியில், நாளையும் நிலையத்தையும் சொல்லி எழுதலாம்.

கட்டவலை:

அட்டவணை என்ற வடிவம் எண்களுக்குத் தேவைக்கு மேற்பட்ட உறுதியைத் தந்துவிடுகிறது என்பதை ஏற்கிறேன். அப்படியானால் நிலையம் இல்லாத ஊர்களுக்கு, வெப்பநிலையையும் மழையையும் வைத்துத் தட்பவெப்பத்தை வகைப்படுத்தும் கோப்பென் வகைப்பாட்டையாவது உரையில் எழுதலாம் அல்லவா? அதற்கென உலக வரைபடங்கள் வெளியாகியுள்ளன; 2007-இல் ஒன்றும், 2018-இல் 1 கிலோமீட்டர் நுணுக்கத்தில் மற்றொன்றும் வந்திருக்கின்றன.

அடிக்குறிப்பு:

எழுதலாம், வரைபடத்தின் பெயரையும் ஆண்டையும் சொல்லி. ஆனால் எல்லைக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர்களில் எச்சரிக்கை வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டுச் சராசரி வெப்பநிலை 27 டிகிரி, மழையில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெப்பமான ஆறு மாதங்களில் பெய்கிறது. கோப்பென் கணக்கில் 27-ஐ 20-ஆல் பெருக்கி 280-ஐக் கூட்டினால் 820 மி.மீ. வரும். ஆண்டு மழை அதற்கு மேல் என்றால் அவ்வூர் வெப்பமண்டல வகை. கீழே என்றால் அரைவறள் வகை. அதன் பாதியான 410-க்கும் கீழே என்றால் பாலைவன வகை. ஆண்டு மழை 800 என்று ஒரு காலப்பகுதியும் 840 என்று மற்றொரு காலப்பகுதியும் சொன்னால் ஊரின் வகையே மாறிவிடும். தரையில் மாறியது 40 மி.மீ. மட்டுமே. குளிர்ப் பகுதிகளில், மிதவெப்ப வகையையும் கண்ட வகையையும் பிரிக்கும் கோடு, மிகக் குளிர்ந்த மாதத்தின் சராசரியில், −3 டிகிரியா 0 டிகிரியா என்பதில் ஆசிரியர்களே இரண்டாகப் பிரிந்திருக்கிறார்கள். எந்தக் கோட்டின்படி என்று சொல்லாமல் வகையை எழுதியதால் பேச்சுப் பக்கங்களில் நடந்த, ஒருவர் எழுதியதை மற்றவர் மாற்றிக்கொண்டே இருக்கும் தொகுப்புப் போர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

அருகிலுள்ள ஊரின் நிலையத் தரவைப் பயன்படுத்துவது பற்றியும் ஒரு சொல். அதற்குத் தடையில்லை, நிலையத்தின் பெயர், தொலைவு, உயரம் ஆகியவற்றைத் தலைப்பிலேயே தந்துவிட வேண்டும். தொலைவைவிட உயர வேறுபாடும் கடலுக்கு எவ்வளவு அருகில் என்பதும் முக்கியம். இவை ஒத்திருந்தால் 20 கிலோமீட்டர் பொருட்டல்ல, ஒத்திராவிட்டால் 5 கிலோமீட்டரும் அதிகம்.

புதுவரவு:

என் கோப்பைச் சரிபார்த்தேன். வெப்பநிலை தேறுகிறது, மழையில் விடுபட்ட நாட்கள் மிகுதி. வெப்பநிலை வரிசைகளை மட்டும் பேச்சுப் பக்கத்தில் வைக்கிறேன். மழை வரிசையை வெறுமையாகவே விட்டுவிடலாமா?

பாதரசம்:

தாராளமாக விட்டுவிடலாம், வார்ப்புரு அதை ஏற்கும். தரவிறக்கிய நாளையும் நிலைய எண்ணையும் குறித்துவையுங்கள். இத்தொகுப்புகளில் பழைய அளவுகளும் பின்னர் திருத்தப்படுவதுண்டு; அடுத்த ஆண்டு ஒருவர் எடுக்கும் கோப்பில் சிறு வேறுபாடு இருந்தால் காரணம் தெரிய வேண்டும்.

மேகத்திரள்:

பள்ளத்தாக்கு ஊருக்கு வானிலைத் துறையின் 1991–2020 இயல்பளவு கிடைத்துவிட்டது. அட்டவணையை மாற்றி, மழை நாளின் எல்லையையும் குறித்து, சான்றுப் பக்கத்தைக் காப்பகத்தில் சேமித்து, அந்த இணைப்பையும் சேர்த்திருக்கிறேன். முகட்டு ஊரின் அட்டவணையைப் பேச்சுப் பக்கத்துக்கு நகர்த்திவிட்டேன். அங்கே எதை வைக்கலாம் என்பதை கட்டவலை அவர்கள் பார்க்க முடியுமா?

கட்டவலை:

பார்த்தேன். கணினி மாதிரியில் முகட்டு ஊர் விழும் கட்டத்துக்கு என்ன உயரம் கொள்ளப்பட்டிருக்கிறது என்பதையும் தொகுப்போடு தருகிறார்கள். அது முகட்டைவிடப் பல நூறு மீட்டர் தாழ்வாக இருக்கிறது. ஆகவே அந்த ஊருக்கு மாதிரி அட்டவணையை நான் முன்மொழியவில்லை. கடல்மட்ட உயரத்தையும், பள்ளத்தாக்கு நிலையத்தைவிட அங்கே குளிர் மிகுதி என்று மாவட்ட விவரச்சுவடி கூறுவதையும் இரண்டு வாக்கியங்களாக எழுதியிருக்கிறேன். சமவெளியில் நிலையம் இல்லாத ஊர்களுக்கு, கட்டத்தின் உயரத்தையும் ஊரின் உயரத்தையும் அருகருகே காட்டும் குறிப்போடு, மாதச் சராசரி வெப்பநிலையை மட்டும் தரும் தனி வார்ப்புரு ஒன்றைத் தயாரித்து இதே இழையில் வைக்கிறேன்.